லைனில் யார் யாரைக் கேட்கிறார்கள்? புது சூப்பர்வைசருக்குச் சில வழிகள்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் சூப்பர்வைசராக ஏறும் அன்றே ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள். மேலே மேனேஜர், அவருக்குக் கீழே கட்டம் கட்டமாக மற்றவர்கள். லீவு, கிளெய்ம், கையெழுத்துக்கு அது தேவைதான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரவு ஷிப்டில், சிப்பில் கம்பி ஒட்டும் வயர் பாண்டர் மெஷின் நின்றுபோனால் யார் யாரைத் தேடி ஓடுவார்கள் என்று அதில் இருக்காது. அதை நீங்களே வரைய வேண்டும். நான் ஆப்பரேட்டராக இருந்து மேலே வந்தவள். எங்கள் லைனில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் கேள்வி. "யார் உங்கள் கூட்டாளி?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். "பிரச்சினை வந்தால் யாரிடம் கேட்பீர்கள்?" என்றாலும் பயனில்லை, "சூப்பர்வைசரைத்தான்" என்று மரியாதைக்கு ஒரு பதில் வரும். நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "கடைசியாக மெஷின் எரர் காட்டியதே, அப்போது யாரைக் கூப்பிட்டீர்கள்?" இதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

கேட்கும் இடமும் முக்கியம். கிளீன் ரூமுக்குள் எல்லோருக்கும் கண் மட்டும்தான் வெளியே தெரியும். அங்கே பேச்சு வளராது. உடுப்பு மாற்றும் அறை, கேண்டீன் வரிசை, பேக்டரி பஸ், இவைதான் சரியான இடங்கள். பஸ்ஸைக் குறைவாக எடை போடாதீர்கள். சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் பாலம் தாண்டி வருகிறவர்கள் தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். டெஸ்டிங்கில் இருக்கும் மலாய்க் கக்காவும் பேக்கிங்கில் இருக்கும் நம் தங்கச்சியும் ஒரே பஸ் என்றால், இரண்டு டிபார்ட்மெண்ட் மேனேஜர்களுக்கும் தெரியாத சேதி அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பதில்களைப் பென்சிலால் வரையுங்கள். ஒருவருக்கு ஒரு வட்டம், கேட்டவரிடமிருந்து கேட்கப்பட்டவருக்கு ஓர் அம்பு. நாலைந்து அம்புகள் ஒரே ஆளிடம் போனால் அங்கே நில்லுங்கள். எங்களிடம் அது ஒரு டெக்னீஷியன் தம்பி. பதவி ஒன்றும் பெரிதில்லை. "அக்கா, நான் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தா அன்னிக்கு லைன் படுத்துடும்" என்பான், உண்மையும் அதுதான். இப்படிப்பட்டவரைப் பாராட்டி இன்னும் வேலையைச் சுமத்துவதுதான் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். அவர் மெஷினைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொருவரை நிற்க வையுங்கள், அது போதும். ஓர் அம்புகூட இல்லாத வட்டமும் இருக்கும். பெரும்பாலும் புதிதாக வந்த நேப்பாளத்துப் பையனோ வங்காளதேசத்துப் பையனோ. அவனுக்குக் கேள்வி இல்லாமல் இல்லை, எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை.

கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். 1931-32இல் சிகாகோவுக்கு அருகே ஹாதோர்ன் ஆலையில் வயர் இணைக்கும் அறையில் 14 ஆண்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஒரே அறையில் இரண்டு குழுக்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை செய்யலாம் என்று அவர்களே முடிவுகட்டியிருந்தார்கள். அதிகம் செய்பவனுக்கு ஒரு பட்டப்பெயர், மேலிடத்தில் போட்டுக்கொடுப்பவனுக்கு இன்னொன்று. வரம்பு மீறினால் தோளில் ஒரு குத்து. நம் லைனிலும் குத்து தவிர மற்றதெல்லாம் உண்டு. குழுவைக் கலைக்கப் போனால் உங்களுக்குத்தான் புதுப் பட்டப்பெயர் கிடைக்கும்.

குழுக்களுக்கு நடுவே லேசாகப் பழகுகிறவர்களைத் தேடுங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்து 1973இல் எழுதினார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடுதான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்ப்பவர்கள். நெருங்கிய கூட்டாளிக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும், அதனால்தான். எனவே பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு ஆள் மாற்ற வேண்டி வந்தால், அங்கே ஏற்கனவே இரண்டொருவரையாவது தெரிந்தவரை அனுப்புங்கள்.

இந்தத் தாளை எச்.ஆரிடம் காட்டாதீர்கள். ஆள் குறைக்கும் காலத்தில் அம்பு இல்லாத வட்டம் முதலில் கண்ணில் படும்.

அப்புறம் பேச்சு. கம்பி சிப்பில் ஒட்டாமல் போனால் மெஷின் திரையில் 'என்.எஸ்.ஓ.பி.' என்று வரும். மலாய்க்காரர்கள் 'தாக் லெக்காட்' என்பார்கள், நாம் 'ஒட்டல' என்போம். வாயால் சொல்லும்போது எல்லோருக்கும் புரியும், ஒரு சிக்கலும் இல்லை. லாக் புத்தகத்தில் மூன்று விதமாக எழுதினால்தான் வினை; எஞ்சினியர் எண்ணிப் பார்க்கும்போது ஒரே கோளாறு மூன்று சின்னக் கோளாறாகத் தெரியும், யாரும் அவசரப்பட மாட்டார்கள். 'ஹோல்ட்' இன்னும் மோசம். தரம் பார்க்கும் கியூ.ஏ.வுக்கு அந்த லாட்டை, அதாவது அந்தத் தொகுதிச் சரக்கை, தொடவே கூடாது என்று பொருள். புரடக்‌ஷனில் சிலருக்குக் கொஞ்ச நேரம் ஓரமாக வை என்று பொருள்.

இதற்கு அகராதி தயாரிக்க உட்காராதீர்கள். ஷிப்ட் மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் மெஷின் முன்னால் நின்று பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தடுமாறும் சொல் அங்கேயே பிடிபடும். அதை ஒரு தாளில் எழுதி ஹேண்ட்ஓவர் மேசைக்கு மேல் ஒட்டுங்கள்: இடப்பக்கம் ஆட்கள் சொல்வது, எந்த மொழியானாலும், வலப்பக்கம் லாக்கில் எழுத வேண்டியது. பேச்சைத் திருத்தப் போகாதீர்கள், எழுத்து மட்டும் ஒன்றாக இருக்கட்டும். புதுச் சொல் சேர்க்க யார் வேண்டுமானாலும் பேனா எடுக்கலாம். ஒரு சொல்லை அடித்து நீக்க வேண்டுமென்றால் இரண்டு ஷிப்ட் லீடர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.