புத்தகப்பையைக் கொட்டச் சொல்வதற்கு முன்

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, கொழும்புப் பாடசாலை வாசல்களில் பையைத் திறந்து காட்டுவது பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. பெற்றோரும் நின்று பைகளைப் பார்த்தார்கள். இப்போது ஐஸ் போதைப்பொருள் பயம். இரண்டு பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பயம் இருக்கிறதென்பதற்காகப் பிள்ளையை எப்படியும் சோதிக்கலாம் என்று நினைப்பது பிழை.

அந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறேன். ஆசிரியையாக இருந்த காலத்தில், காசு காணாமல் போனதென்று வகுப்பு முழுவதையும் பைகளை மேசையில் கொட்டச் சொன்னேன். ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு சிறுமியின் பையிலிருந்து நாப்கின் விழுந்தது. காசு கிடைக்கவில்லை. அவள் ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. யார்மேல் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

காரணம் இருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியறைக்கு அழைத்து, இன்னொரு ஆசிரியரும் இருக்க, பையை அவளையே திறக்கச் சொல்லலாம். பெண்பிள்ளை என்றால் பார்ப்பது ஆசிரியையாக இருக்க வேண்டும். இந்த வேலையை மாணவத் தலைவர்களிடம் விடவே கூடாது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளையின் மானத்தை ஒப்படைக்க முடியாது. உடுப்பைக் கழற்றச் சொல்வது எந்தக் காரணத்துக்கும் ஆகாது. பொலிஸ் வந்தாலும் பெண்ணைப் பெண்தான், கண்ணியம் காத்துச் சோதிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். தடையை மீறிக் கொண்டுவந்த போனைப் பறித்து வைப்பது வேறு, அதைத் திறந்து வட்ஸ்அப் செய்திகளை வாசிப்பது வேறு. பிடிபட்ட பொருளைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போடுவதும் தண்டனைதான், அதுவும் விசாரணை இல்லாத தண்டனை.

பிள்ளைகள் விடும் பிழை, அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "வாரண்ட் இருக்கா?" என்று கேட்பது. அமெரிக்காவிலேயே பாடசாலைச் சோதனைக்கு வாரண்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லிவிட்டது. வலிநிவாரண மாத்திரை தேடி 13 வயதுச் சிறுமியின் உடுப்பைக் களைந்து சோதித்தது பிழை என்று 2009இல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். நம்முடைய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இல்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் கைகொடுக்கக் கூடியது, இழிவாக நடத்துவதைத் தடுக்கும், நம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. மாணவன் ஒருவனை அறைந்த ஆசிரியர் 1,50,000 ரூபாயும் அரசு 5,00,000 ரூபாயும் நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று 2021இல் நமது உச்ச நீதிமன்றம் தீர்த்தது அந்த உறுப்புரையின் கீழ்தான்.

பெற்றோரின் பிழைகளில் என்னை அதிகம் வருத்துவது சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைப்பது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை தாய்மார் "சேர் சொன்னார், வைச்சேன்" என்றிருக்கிறார்கள்! பொலிஸிலும் அரச அலுவலகத்திலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் கொழும்பிலும் தருகிறது. தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். தராவிட்டால், விளங்காத தாளில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

கோபத்தில் பிள்ளையின் பெயரையும் படத்தையும் முகநூலில் போடாதீர்கள். பாடசாலை செய்த அதே காரியத்தை நீங்களும் செய்ததாகிவிடும்.

எல்லாவற்றையும் விட விலை கூடிய பிழை காத்திருப்பது. அதிபர் பார்க்கிறேன் என்றார், வலயக் கல்விப் பணிமனை பதில் தரும் என்று நாட்கள் ஓடும். அடிப்படை உரிமை மனுவைப் புதுக்கடையிலுள்ள உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர எண் 1996. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். சோதனை நடந்த அன்றிரவே நேரம், இடம், யார் யார் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்பதைப் பிள்ளையின் வாயால் கேட்டு, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதித் திகதி போடுங்கள்.