போலந்தில் வாடகைக்கு வீடு எடுத்தால் மாடிப்படியும் சேர்த்துத்தான்

போலந்துக்கு வந்து இறங்கும் நம் ஆட்கள் வேலை, வரி, வதிவிட அட்டை பற்றியெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு விடுகிறார்கள். ஆனால் வாழ்க்கை நடப்பது அடுக்குமாடிக் கட்டடத்தில். நான் கிராகோவ் நகரின் கிழக்கே நோவா ஹுத்தாவில் இருக்கிறேன். இரும்பாலைத் தொழிலாளர்களுக்காக 1949-இல் கட்டத் தொடங்கிய பகுதி. லிஃப்ட் கிடையாது. ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் வீடுகளுக்கு மொத்தமாக ‘க்லாட்கா’ என்று பெயர். அந்தப் படிக்கட்டில் நம்மைப் பற்றி என்ன பேச்சு இருக்கிறதோ, அதை வைத்துத்தான் குடித்தனம் சுகமாகவோ சங்கடமாகவோ அமையும். அதற்கான வழிமுறைகளை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் வாடகை. விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் வீட்டுக்காரர் கைக்குப் போவது மட்டும்தான். அதற்குமேல் கட்டட நிர்வாகத்துக்குக் கட்டும் ‘சின்ஷ்’ தனி. மின்சாரம், காஸ், இணையம் தனி. எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும், பனிக்காலத்தில் எவ்வளவு ஆகும் என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். சில வீட்டுக்காரர்கள் ‘நையெம் ஒகாஸ்யொனால்னி’ என்ற தற்காலிக வாடகை ஒப்பந்தம்தான் வேண்டும் என்பார்கள். அதற்கு நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழி தர வேண்டும். இந்த வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் போய்த் தங்க வேறொரு முகவரியையும், அந்த வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் காட்ட வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அப்படியொரு முகவரியை யார் தருவார்கள்? ஆகவே வீட்டைச் சுற்றிப் பார்க்கும் முன்பே, போனிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது. கூடுதல் முன்பணம் கொடுத்துச் சாதாரண ஒப்பந்தம் போடலாமா என்றும் கேட்கலாம். ஒத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் கேளுங்கள்: முகவரிப் பதிவு, அதாவது ‘ஸமெல்டோவானியே’, செய்ய விடுவீர்களா? 30 நாளுக்கு மேல் தங்குவதாக நகராட்சி அலுவலகத்தில் பதிந்தால் ஆளுக்கொரு அடையாள எண்ணான 11 இலக்க பெசெலும் கூடவே கிடைத்துவிடும். அந்த எண் இருந்தால் மருத்துவர், வங்கி, பள்ளிக்கூடம் எல்லாமே சுலபம். மருத்துவர் எழுதும் மின் மருந்துச் சீட்டுக்குக்கூட மருந்துக் கடையில் 4 இலக்கக் குறியீட்டையும் பெசெலையும் சொன்னால் போதும். பதிந்துகொண்டால் குடியிருப்பவர் வீட்டுக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று பழைய காலத்து வீட்டுக்காரர்கள் சிலர் பயப்படுவார்கள். சட்டப்படி அது வெறும் பதிவுதான், உரிமை எதுவும் வராது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. நம் வீட்டில் கணவருக்கு அவருடைய அப்பா பெயர், மனைவிக்கு அவளுடைய அப்பா பெயர், பிள்ளைக்குக் கணவர் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று ‘குடும்பப் பெயர்’ எப்படி என்று அலுவலர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார். கோவல்ஸ்கி மனைவி கோவல்ஸ்கா என்று ஓரெழுத்து மாறுவது அவர்களுக்குப் பழக்கம். முழுப் பெயரும் மாறுவதுதான் புதிது. திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும், வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு போட்டுத்தரும் அப்போஸ்டில் முத்திரையோடு கொண்டுவந்து, இங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போலிஷில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் விரிவு என்று எழுதினால் இரண்டு பேராகப் பதிந்துவிடுவார்கள்.

அந்தப் பெயரை உடனே தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பதிவுத் தபால் வரும்போது ஆள் இல்லாவிட்டால் ‘அவீஸோ’ என்ற சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். கடிதம் 14 நாள் அஞ்சலகத்தில் காத்திருக்கும். போய் வாங்காவிட்டால், அரசு அலுவலகக் கடிதங்களை நீங்கள் பெற்றுக்கொண்டதாகவே கணக்கு வைத்துக்கொள்வார்கள். வதிவிட அட்டைக்குக் கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் இப்படிப் போனால், கெடு உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள். பீட்சா விளம்பரத்துக்கு நடுவே கிடக்கும் சின்னச் சீட்டுதான் அது.

சரி, மனிதர்களுக்கு வருவோம். இங்கே முன்பின் தெரியாதவரைப் பார்த்துப் புன்னகைக்கும் வழக்கம் இல்லை. அதைக் கோபமாகவோ நிறவெறியாகவோ உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். (அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது.) அவர்கள் எதிர்பார்ப்பது சிரிப்பை அல்ல, வணக்கத்தை. படிக்கட்டில் யார் எதிரில் வந்தாலும் ‘ஜென் டோப்ரி’. மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு ‘ஜென் டோப்ரி’. சின்னக் கடையிலிருந்து வெளியே வரும்போது ‘டோ விட்ஸேனியா’. பதில் முணுமுணுப்பாகத்தான் வரும், அது போதும். பெரியவர்களை ஆணானால் ‘பான்’, பெண்ணானால் ‘பானி’ என்றே சொல்லுங்கள். ‘நீ’ போட்டுப் பேசலாம் என்பதை வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசிப் பழகி வந்தவர்கள்தான் போலிஷ் கற்றுக்கொண்ட வேகத்தில் எல்லாரையும் ‘நீ’ போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

படிக்கட்டின் கீழ்த்தளத்தில் ஒட்டும் காகிதங்களைப் படிக்காமல் மேலே ஏறாதீர்கள். தண்ணீர் நிறுத்தம், மீட்டர் வாசிப்பு, காஸ் சோதனை, புகைபோக்கிச் சோதனை எல்லாம் அங்கேதான் வரும். மொழி புரியாவிட்டால் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். சோதனை நாளில் வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

இந்தச் சோதனை விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களில் பல வீடுகளில் குளியலறையிலோ சமையலறையிலோ காஸில் எரியும் வெந்நீர்க் கருவி இருக்கும். அதே அறையில் கூரையை ஒட்டி, கம்பித்தடுப்பு போட்ட ஒரு காற்றுத் துளை இருக்கும். ஜனவரியில் அதன் வழியாகக் குளிர் இறங்கும்போது, துணியையோ டேப்பையோ வைத்து அடைக்கத் தோன்றும். ஒருபோதும் அடைக்காதீர்கள். காற்றோட்டம் நின்றால் காஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இங்கே அதை ‘ச்சாட்’ என்பார்கள். ஒவ்வொரு பனிக்காலத்திலும் அதனால் உயிர்கள் போகின்றன. கண்டறியும் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள். தாளிக்கிற புகை போகட்டும் என்று அந்தத் துளையில் மின்விசிறி வைத்த வெளியேற்றியைப் பொருத்துவதும் ஆபத்து. அது கருவியின் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி இழுக்கக்கூடும். எதைப் பொருத்துவதானாலும் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காஸ் வாசனை வந்தால் 992, மற்ற அவசரத்துக்கெல்லாம் 112.

நம் சமையலால் வரும் இன்னொரு தொல்லை ஈரம். இட்லி ஆவி, சாதம் வடிக்கிற ஆவி, பனிக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போடும் துணி எல்லாம் சேர்ந்து மூலைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்காரர் முன்பணத்தில் கழிப்பது இதற்காகத்தான். வெளியே மைனஸில் இருந்தாலும் காலையும் மாலையும் ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், கவனித்துப் பாருங்கள். பெருங்காய வாசனையைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை. முட்டைக்கோஸ் புளிக்கவைத்துச் சமைக்கிறவர்கள் எப்படிச் சொல்வார்கள்!

சத்தம் வேறு. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். கிரைண்டரும் துவைக்கும் இயந்திரமும் 10 மணிக்கு முன்பே அடங்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளைபோடுவதையும் தவிருங்கள். வீட்டில் விசேஷம் என்றால் முன்கூட்டியே கீழே ஒரு காகிதம் ஒட்டிவிடலாம், தேதியும் வீட்டு எண்ணும் போட்டு. பாதிக் கோபம் அங்கேயே குறைந்துவிடும்.

குப்பையில் தவறு செய்தால்தான் பெயர் கெடும். நீலத்தில் காகிதம், மஞ்சளில் பிளாஸ்டிக்கும் உலோகமும், பச்சையில் கண்ணாடி, பழுப்பில் காய்கறிக் கழிவு, கறுப்பில் மிச்சம். 2025 அக்டோபர் 1 முதல் வைப்பு முத்திரை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 50 க்ரோஷ் (அரை ஸ்லோட்டி) வைப்புப் பணம் வாங்குகிறார்கள். நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பழைய ரொட்டியை இங்கே பலருக்குக் குப்பையில் போட மனம் வராது. பையில் கட்டித் தொட்டியருகே மாட்டிவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

எங்கள் மூன்றாம் மாடி அம்மாள் முதல் வருடம் முழுக்க வணக்கத்துக்குப் பதில் வணக்கம், அவ்வளவுதான். பிறகு ஒரு செப்டம்பரில் கதவைத் தட்டி, ஒரு ஜாடி உப்புநீர் வெள்ளரிக்காய் கொடுத்தார். வினிகர் இல்லாமல், பூண்டும் சோயிக்கீரையும் போட்டுப் புளிக்கவைத்தது; தயிர் சாதத்துக்கு மாவடுவைப் போல அவ்வளவு பொருத்தம். இப்படி ஜாடி வந்தால் கழுவித் திருப்பிக் கொடுங்கள், அடுத்த வருட ஊறுகாய்க்கு அது வேண்டும். நான் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தேன். மிளகாயைக் குறைத்துவிடுங்கள், முறுக்கு, ரவா லட்டு என்றால் பயமே இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘பியெரோகி ருஸ்கியே’ உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை. ஆனால் மேலே பன்றிக்கொழுப்பைப் பொரித்துத் தூவித் தருவதுண்டு. ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சொல்லி வாங்குங்கள். கடையில் ‘மஷ்லான்கா’ என்ற மோர் கிடைக்கும். இஞ்சி, கறிவேப்பிலை போட்டால் நம் வீட்டு மோர்தான். ஞாயிறுகளில் பெரும்பாலும் பெரிய கடைகள் மூடியிருக்கும், வருடத்தில் சில ஞாயிறுகள்தான் விதிவிலக்கு. சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மறந்தால் முக்குக்கு முக்கு இருக்கும் ‘ஜாப்கா’ என்ற சின்னக் கடை காப்பாற்றும்.

வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய விஷயம், தட்டாதீர்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைகொடுக்கக் கூடாது, உள்ளே போன பிறகுதான். செருப்பைக் கழற்றுங்கள், இது நமக்குப் புதிதா என்ன. பூ வாங்கினால் ஒற்றைப்படை எண்ணிக்கையில். சாமந்தி மட்டும் வேண்டவே வேண்டாம், அது கல்லறைக்குரியது. நவம்பர் 1 அன்று ஊரே சாமந்தியும் மெழுகு விளக்குமாகக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போகும். அன்று கடைகளும் மூடியிருக்கும். யாராவது உடன் வருகிறீர்களா என்று கேட்டால் ஒரு விளக்கு வாங்கிக்கொண்டு போய்வாருங்கள்.

டிசம்பர் 24 இரவு விருந்துக்கு அழைத்தால் பகலில் வயிற்றைக் காலியாக வையுங்கள். மரபுப்படி 12 பதார்த்தம். இறைச்சி இல்லை, ஆனால் மீன் உண்டு. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக ஒரு தட்டு கூடுதலாக வைத்திருப்பார்கள். சாப்பிடும் முன் ‘ஒப்வாட்டெக்’ என்ற மெல்லிய அப்பத்தைக் கையில் தருவார்கள். ஒவ்வொருவரிடமும் போய், அவர் அப்பத்தில் சிறு துண்டு கிள்ளி, உங்களுடையதில் கிள்ளக் கொடுத்து, அந்த ஆளுக்கென்று ஒரு வாழ்த்துச் சொல்ல வேண்டும். ‘உடம்பு நன்றாக இருக்கட்டும்’ என்பதைப் போலிஷில் மனப்பாடம் செய்துகொண்டால் சமாளித்துவிடலாம். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு பாதிரியார் வீடு வீடாக வருவார். வேண்டாம் என்றால் கதவைத் திறக்காமலே இருக்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பேச்சு வராமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஜாம்நகர் மகாராஜாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் மண்ணிலிருந்து தப்பி வந்த போலிஷ் குழந்தைகளுக்கு 1942-இல் பாலாச்சடியில் முகாம் அமைத்துக் கொடுத்தவர் அவர். வார்சாவில் ஒஹோட்டா பகுதியில் ‘நல்ல மகாராஜா’ பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது. அது குஜராத், நாம் தமிழ்நாடு என்று விளக்கத் தொடங்கினால், அதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

பனிக்காலத்தில் ஊருக்குப் போகும்போது ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். காஸ் வால்வை மூடுங்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மட்டும் முழுதாக அணைக்காதீர்கள். திருகில் பனித்துளிக் குறியிலோ 1-லோ வையுங்கள்.