மரபணுவில் மனித வரலாறு தேடப் போகிறவர்கள் விடும் தவறுகள்

"அண்ணை, டி.என்.ஏ. பார்த்தா இஞ்ச ஆர் முதல் வந்ததெண்டு சொல்லிப்போடலாம்தானே?" யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் மூலக்கூற்று மானிடவியல், அதாவது டி.என்.ஏ., புரதம் போன்றவற்றைக் கொண்டு மனித வரலாற்றைத் தேடும் துறை, என்று வாயெடுத்தால், இந்தக் கேள்வி வராமல் போகாது. முதல் தவறே இதுதான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போகக் கூடாது. மரபணுவில் மொழியும் இல்லை, சமயமும் இல்லை. எந்தக் கூட்டம் எப்போது பிரிந்தது, எதனோடு கலந்தது என்று சொல்லும், அதுவும் உத்தேசமாகத்தான்.

அடுத்தது கணிதம். உயிரியல் பிரிவு கிடைத்ததும் ஓ.எல். கணிதக் கொப்பியைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். இந்தத் துறையிலோ ஆய்வுகூடத்தில் குழாயி (பிப்பெற்) பிடிக்கும் நேரத்தைவிடக் கணினிக்கு முன் இருக்கும் நேரம் அதிகம். புள்ளிவிபரவியல் தெரியாவிட்டால் அடுத்தவர் கணக்கை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

சரி, எலும்பா மூலக்கூறா என்ற சண்டைக்கு வருவோம். 1967இல் வின்சென்ட் சாரிச், அலன் வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதக் குருதியில் உள்ள அல்புமின் என்ற புரதத்தை முயலுக்கு ஏற்றினார்கள். அதை எதிர்க்க முயலில் உருவான பிறபொருளெதிரி சிம்பன்சியின் அல்புமினோடு எவ்வளவு தாக்கம் புரிகிறது என்று அளந்தார்கள். தாக்கம் கூடினால் உறவு கிட்ட. புரதத்தின் வேறுபாடு காலத்தோடு சீராகக் கூடும் என்று எடுத்து, அதையே ஒரு கடிகாரமாக்கினார்கள். மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து சுமார் 50 இலட்சம் ஆண்டுதான் என்று வந்தது. ராமாபித்தேகஸ் என்ற உயிர்ச்சுவட்டைக் காட்டி 140 இலட்சத்துக்கும் மேல் என்று சொல்லிவந்தவர்களுக்குக் கோபம். கடைசியில் அது ஒராங்குட்டான் பக்கத்து உறவென்று ஆயிற்று. 'எலும்பு தோற்றது' என்று இதை வாசித்துவிடாதீர்கள். குரங்கும் வாலில்லாக் குரங்கும் பிரிந்து 300 இலட்சம் ஆண்டு என்ற கணக்கை வைத்துத்தான் அவர்கள் அந்தக் கடிகாரத்துக்கு நேரம் வைத்தார்கள். அந்தக் கணக்கைக் கொடுத்ததே உயிர்ச்சுவடுதான்.

தாயிடமிருந்து மட்டும் வரும் இழைமணி டி.என்.ஏ.யைப் பின்னோக்கித் தொடர்ந்தால், இன்றுள்ள எல்லாருடைய தாய்வழியும் ஒரு பெண்ணில் போய்ச் சேரும். அவளுக்கு வைத்த பெயர் 'இழைமணி ஏவாள்'. அந்தப் பெயரைக் கேட்டதும் அன்று உலகில் ஒரேயொரு பெண் இருந்தாள் என்று எழுதுவது இன்னொரு தவறு. வேறு பெண்களும் இருந்தார்கள். பெண்பிள்ளை இல்லாமல் அவர்களுடைய தாய்வழி எங்கோ அறுந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடைசித் தவறு எலும்பைக் கையாள்வதில். 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் அகழ்வில் பழங்கால எலும்புக்கூடு வெளிப்பட்டபோது பழங்கால டி.என்.ஏ. ஆய்வே பிறக்கவில்லை. கையுறை போடவில்லையே என்று அன்றைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இன்று அந்தச் சாட்டு இல்லை. நம்முடைய வெக்கையில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதையும், தப்பினால் உட்காதைச் சுற்றிய கெட்டி எலும்பில் கொஞ்சம் தப்பியிருக்கும். அதையும் வெறுங்கையால் எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, முற்றத்தில் காயவைத்தால், பிறகு ஆய்வுகூடத்தில் கிடைப்பது கழுவினவருடைய டி.என்.ஏ.தான்.