வந்த புகையா, வைத்த புகையா: சபை ஊழியர்களுக்குக் காற்றுத்தரப் பயிற்சி

2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு காரணமாக இலங்கை முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வாடைக்காற்று காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கவலை திரும்பத் திரும்ப வருகிறது. அப்போது பிரதேச சபைக்கு வருகிற முதல் கேள்வி: இது கடல் தாண்டி வந்த புகையா, எங்கள் ஒழுங்கையில் யாரோ வைத்த நெருப்பின் புகையா? சபை ஊழியர்களையும் பி.எச்.ஐ.மாரையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) இதற்குப் பதில் சொல்லப் பழக்கும் முறையைக் கீழே தருகிறோம். ஒரு வகுப்புக்கு 12 பேர் போதும். கருவியை எல்லோரும் கையால் தொட வேண்டும்.

தேவையானவை: காற்றிலுள்ள துகளை அளக்கும் பர்ப்பிள்ஏர் போன்ற மலிவான லேசர் சென்சர் 3, மின்வெட்டுக்குப் பவர் பேங்க், இணையத்துக்கு டொங்கிள், கேத்தல், நுளம்புத்திரி, நுனியில் ரிப்பன் கட்டிய தடி, ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி).

படி 1: எண்ணைப் புரிய வையுங்கள்

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள். ஒரு கனமீற்றர் காற்றில் அது எத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கிறோம். 24 மணிநேரச் சராசரிக்கு இலங்கையின் எல்லை 50, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டையும் பலகையில் எழுதி வையுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கைத்தொலைபேசிச் செயலி காட்டுவது பெரும்பாலும் காற்றுத்தரச் சுட்டெண் (ஏ.கியூ.ஐ.), மைக்ரோகிராம் அல்ல. அமெரிக்கச் சுட்டெண் 100 என்றால் ஏறக்குறைய 35 மைக்ரோகிராம். இந்த இரண்டையும் குழப்பி அறிவித்தால் ஊரே பதறும்.

ஒரு கணக்கும் கொடுங்கள்: ஒரு மணிநேரம் 120, மீதி 23 மணிநேரமும் 20. சராசரி 24தான். ஒரு மணிநேர எண்ணை நாள் எல்லையோடு ஒப்பிடக்கூடாது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 18 மணிநேரத் தரவாவது இல்லாத நாளுக்குச் சராசரி எழுதவும் வேண்டாம்.

படி 2: கேத்தல் பரிசோதனை

முதலில் நுளம்புத்திரியைக் கொளுத்திச் சென்சருக்கு அருகே பிடியுங்கள், எண் ஏறும். ஜன்னல் திறந்து எண் இறங்கியபின் கொதிக்கிற கேத்தலை ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். புகையே இல்லை, எண் மறுபடியும் ஏறும். லேசர் ஒளி எதில் பட்டுச் சிதறினாலும் அதைத் துகள் என்றே சென்சர் எண்ணும். நீர்த்திவலைக்கும் சாம்பலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கடற்காற்றின் உப்புத்துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்போதும் இதே கோளாறு நடக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பனிக்காலை எண்ணைக் கண்டு அவசரப்படமாட்டார். இந்தப் பரிசோதனைக்கு அரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

படி 3: ஈரத்துக்குத் திருத்தம்

அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் பர்ப்பிள்ஏருக்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறது: சென்சர் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதன் சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்டுங்கள். நாள் சராசரி 80, ஈரப்பதன் 90 என்றால் விடை கிட்டத்தட்ட 40. திருத்தாவிட்டால் இலங்கையின் எல்லையைத் தாண்டிய நாள், திருத்தினால் தாண்டாத நாள்! வானிலை நிலையத்தின் ஈரப்பதனை எடுக்காதீர்கள், சென்சருக்குள் பதிவாவதையே எடுங்கள். சூத்திரம் அதற்காகச் செய்தது. அதுவும் அமெரிக்கக் காற்றை வைத்துச் செய்தது என்பதால், தரமான காற்றுத்தர அளவீட்டு நிலையம் ஒன்றின் பக்கத்தில் இரண்டு வாரமாவது சென்சரை வைத்து ஒப்பிடுவது அவசியம்.

படி 4: பொருத்துதல்

நிலத்திலிருந்து 2 முதல் 3 மீற்றர் உயரம், மழையும் நேர்வெயிலும் படாத, காற்றோட்டமான இடம். குசினிப் புகைபோக்கி, ஜெனரேற்றர், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் பக்கத்தில் ஆகாது. சென்சர்களை ஒன்றுக்கொன்று தூரமாக, உதாரணமாக நகரம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று பரப்புங்கள். பர்ப்பிள்ஏருக்குள் இரண்டு அளவிகள் உண்டு. ஒன்று மட்டும் ஏறினால் வாயிலில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 5: காற்றைப் படித்தல்

ரிப்பன் தடியோடு வெளியே கூட்டிப்போங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. ரிப்பன் தென்மேற்கே பறக்கும். புதியவர்கள் ரிப்பன் காட்டும் பக்கம் நெருப்பைத் தேடிப் போவார்கள். ரிப்பனுக்கு எதிர்ப்பக்கம் நடக்கப் பழக்குங்கள்.

மூன்று சென்சரும் சேர்ந்து ஏறி, வாடை அடித்து, இரவிலும் இறங்காமல் நின்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த புகை. ஒன்று மட்டும் விடியற்காலை ஏறி இரண்டு மணிநேரத்தில் இறங்கினால் பக்கத்து வளவில் சருகோ பனையோலையோ பிளாஸ்டிக்கோ எரிகிறது. காற்றே இல்லாத குளிர்காலையில் சிறு நெருப்பும் பெரிய எண் காட்டும், புகை மேலே எழாமல் நிலத்தோடு தங்குவதால்.

படி 6: அடுத்த அரை மணிநேரம்

வந்த புகை என்றால்: பள்ளிக்கூடங்களுக்கு அறிவித்து மைதான விளையாட்டை நிறுத்துவது, ஆஸ்துமாக்காரர், முதியவர், கர்ப்பிணிகளை வீட்டுக்குள் இருக்கச் சொல்வது. வெளியே போகத்தான் வேண்டுமென்றால் என்95 முகக்கவசம். துணிக்கவசம் இந்தத் துகளைச் சரியாகத் தடுக்காது. அன்றைக்குச் சபை ஊழியர்களும் குப்பை கொளுத்தக்கூடாது.

வைத்த புகை என்றால் இடத்துக்குப் போங்கள். சி.ஆர். கொப்பியில் நேரம், திருத்திய எண், ஈரப்பதன், காற்றுத்திசை, எரிந்த பொருள், அணைத்த நேரம் ஆகிய ஆறையும் அங்கேயே நின்று எழுதுங்கள். அலுவலகம் திரும்பி எழுதினால் காற்றுத்திசைதான் முதலில் மறக்கும்.