நாலு மழைக்காலம் நின்றுபோன புல்லட்டை எழுப்புவது எப்படி

கொல்லைக் கொட்டகையில் நாலு ஐப்பசி மழையைப் பார்த்த பழைய புல்லட் 350 கையில் கிடைத்தால் எடுத்த எடுப்பில் கிக்கரை மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து நாலு ஸ்பூன் உள்ளே விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். அசையவில்லையா, இன்னும் ஊறட்டும். உதைத்து விடுவிக்கப் பார்த்தால் பிஸ்டன் ரிங் உடையும்.

அடுத்து டேங்க். பாதி காலியாக நின்ற டேங்கில் மேல்பக்கம்தான் முதலில் துருவேறும். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் தெரியாது. விரலை வளைத்து உள்கூரையைத் தடவுங்கள். பொடி ஒட்டினால் பிழைத்தது. செதில் செதிலாக உரிந்தால் தகடே மெலிந்திருக்கும்.

பெட்ரோலை வடித்து, டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை ரப்பரால் அடையுங்கள். பழைய சைக்கிள் செயின் ஒன்றைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு, அரை லிட்டர் மண்ணெண்ணெயோடு நன்றாகக் குலுக்குங்கள். செயினை எடுத்துவிட்டு சோப்புத்தூள் வெந்நீரில் அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அடுத்தது வேலை செய்யாது. லிட்டருக்கு 80 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து வாய்வரை நிரப்பி, மூடாமல் 24 மணி நேரம் வையுங்கள். பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது. வெல்டிங் ஓரத்தைத் தின்றுவிடும்.

வடித்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரே நல்லது. உடனே புளோயரால் காயவைத்து, 200 மில்லி 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். இதையெல்லாம் சித்திரை வெயிலில் செய்யுங்கள். அடைமழையில் செய்தால் காய்வதற்குள் மறுபடி செம்பழுப்பு படரும். பெயின்ட்டும் அப்படித்தான், ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூக்கும்.

நின்ற வண்டியில் ஆயில் மெல்ல இன்ஜினின் அடிக்கூடான கிரான்க்கேஸில் இறங்கியிருக்கும். அதை முழுக்க வடித்துவிட்டு புது 20டபிள்யூ50 இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். ஸ்பார்க்கைத் தூண்டும் கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வால்வைத் தள்ளும் டேப்பட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சத்தில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே நிற்கும்போது) பாருங்கள்: அதன் மேலுள்ள புஷ்ராட் கம்பி விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கார்புரேட்டரின் பைலட் ஜெட் என்ற நுண்துளையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், காற்றடித்தால் போதும்.

இப்போது சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல இறக்குங்கள். கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் ஆம்பியர் மீட்டர் ஊசி நடுவுக்கு வரும். சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸர் லீவரை இழுத்து இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி. ஓடத் தொடங்கியதும் இன்ஜின் தலையில் வால்வை இயக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒரு நிமிடத்தில் ஆயில் கசியவில்லை என்றால் அணைத்துவிட்டு ஆயில் பம்பைக் கழற்றிப் பாருங்கள்.