அலமாரியில் தூங்கும் பெடலை ரீப்பருக்குள் கொண்டுவருவது எப்படி?

கிட்டார் வாசிப்பதை விட்டு நாலைந்து வருடமான வீட்டில்கூட எதிரொலி தரும் ஒரு டிலே பெடலோ, பெரிய கூடத்தில் பாடுவதுபோல் ஒலியை முழங்க வைக்கும் பழைய ரிவெர்ப் பெட்டியோ எங்காவது கிடக்கும். கணினியில் பாட்டுப் பதிவு செய்ய ஆரம்பித்தபின் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும்தான் ப்ளக்இன் (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) இருக்கிறதே! இருந்தாலும் குமிழைக் கையால் திருகிக்கொண்டே குரலுக்கு எதிரொலி வைப்பது தனிச் சுகம். அந்தப் பெடலைப் பதிவு மென்பொருளோடு இணைப்பதை முதல் தடவை செய்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். 60 நாள் எல்லா வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம், இதற்கு வேண்டிய ரீஇன்சர்ட் என்ற ப்ளக்இன்னும் அதோடு சேர்ந்தே வருகிறது. லாஜிக் வைத்திருப்பவர்கள் ஐ/ஓ என்ற ப்ளக்இன்னையும், ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்டர்னல் ஆடியோ எஃபெக்ட் என்பதையும் தேடுங்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

நடப்பது இவ்வளவுதான்: டிராக்கில் உள்ள ஒலி, இன்டர்ஃபேஸின் (கணினிக்குள் ஒலியைக் கொண்டுவந்து வெளியே அனுப்பும் பெட்டி) ஒரு வெளியீடு வழியாகக் கிளம்பிப் பெடலுக்குள் போகிறது. பெடலிலிருந்து வரும் ஒலி ஓர் உள்ளீடு வழியாக மறுபடி அதே டிராக்குக்கு வந்து சேர்கிறது. மேடை மிக்சரின் இன்சர்ட் ஜாக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

என்னென்ன வேண்டும்?

முதலில் இன்டர்ஃபேஸ். வெளியீடுகள் நான்கு இருக்க வேண்டும். 1, 2 இரண்டும் ஸ்பீக்கருக்குப் போய்விடும், பெடலுக்கு 3 அல்லது 4. ஸ்கார்லெட் 4ஐ4 போன்றவை இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். இரண்டே வெளியீடு உள்ளதுதான் இருக்கிறது என்றால், பாட்டை இடது பக்கம் மட்டும் மோனோவாகக் கேட்டுக்கொண்டு வலது வெளியீட்டைப் பெடலுக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் அது ஒப்பேற்றல்தான்.

அடுத்து, கிட்டாருக்குப் போடும் சாதாரண ஜாக் கேபிள் இரண்டு.

அப்புறம் பெடலுக்கு அடாப்டர். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். கடையில் ரவுட்டருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் விற்கிற அடாப்டர்களில் பொதுவாக நடுமுனை பிளஸ். முனை சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். இரண்டிலும் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தை ஒப்பிட்டுப் பார்த்தபிறகு மாட்டுங்கள்.

முதலில் பெடலே வேண்டாம்

நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான பாடம் இதுதான். எடுத்த எடுப்பில் பெடலை மாட்டினால், ஒலி வராதபோது குற்றவாளி பெடலா, கேபிளா, மென்பொருளா என்று தெரியாது. அதனால் ஒரு கேபிளின் ஒரு முனையை வெளியீடு 3-லும் மறுமுனையை உள்ளீடு 1-லும் நேராகச் செருகுங்கள். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி.

திரும்பி வருவதற்கு முன்பக்க உள்ளீட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல இன்டர்ஃபேஸ்களில் பின்பக்க லைன் உள்ளீடுகளுக்குக் கெயின் குமிழ் இருக்காது. பெடலிலிருந்து வரும் சன்னமான சிக்னலை ஏற்றிக்கொள்ள அந்தக் குமிழ் தேவைப்படும்.

இப்போது ரீப்பரைத் திறந்து கண்ட்ரோல் + பி அழுத்தி, ஆடியோவின் கீழ் உள்ள டிவைஸ் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் என்றால் உங்கள் இன்டர்ஃபேஸின் ஏஸியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் முதல் சேனல், கடைசிச் சேனல் என்று கட்டங்கள் இருக்கும். வெளியீட்டின் கடைசிச் சேனல் 2 என்று இருந்தால் 4-க்கு மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் “எனக்கு 3, 4 காட்டவே இல்லை” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

குரலோ கிட்டாரோ பதிவான ஒரு டிராக்கை எடுத்துக்கொண்டு, அதன் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி, ரீஇன்சர்ட் (ReaInsert) என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பக்கத்தில் வெளியீடு 3, திரும்பும் பக்கத்தில் உள்ளீடு 1. பாட்டை ஓடவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால், ரீஇன்சர்ட்டை நிறுத்தினாலும் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே ஒலி கேட்க வேண்டும். அளவு மட்டும் கூடக் குறைய இருக்கலாம், கெயினால் சரிசெய்துகொள்ளலாம். எதுவுமே வரவில்லையா? இன்டர்ஃபேஸோடு வந்த கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறந்து, 3-ஆம் வெளியீட்டுக்குக் கணினியின் 3-ஆம் சேனல்தான் போகிறதா என்று பாருங்கள். அங்கே 1, 2-இன் நகல் போய்க்கொண்டிருந்தால் முழுப் பாட்டும் பெடலுக்குள் போகும்.

தாமதம்

கணினியை விட்டு வெளியே போய்த் திரும்பி வர ஒலிக்கு நேரம் பிடிக்கும். வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற விகிதத்தில், பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் சாம்பிள்கள்) 256 என்றால், போக 5.3 மில்லிவினாடி, வர அதே அளவு. இன்டர்ஃபேஸ் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் நேரம் அதற்கு மேல்.

ரீஇன்சர்ட் இதில் பெரும்பகுதியைத் தானே கணக்கிட்டு மற்ற டிராக்குகளைக் காத்திருக்க வைக்கிறது. மிச்சம் இருப்பதை அளக்க அதிலேயே பிங் வசதி உண்டு. ஒரு ‘டிக்’ ஒலியை அனுப்பி, அது எப்போது திரும்புகிறது என்று பார்க்கும். கம்பி மட்டும் மாட்டியிருக்கும் இந்த நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். டிலே பெடலை மாட்டியபின் செய்தால் எதிரொலியைக் கேட்டு அது குழம்பக்கூடும். பின்னால் பஃபரை மாற்றினால் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

இந்த மில்லிவினாடிக்கெல்லாம் இவ்வளவு அக்கறையா என்று கேட்கலாம். எந்தப் பெடல் என்பதைப் பொறுத்தது. ரிவெர்ப், டிலே என்றால் ஐந்தாறு மில்லிவினாடி பிசகினாலும் காதுக்குத் தெரியாது. ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) போட்ட ஒலியை மூல ஒலியோடு கலந்து வைக்கிறீர்கள் என்றால் கதை வேறு. இரண்டும் ஒரே அளவில் கலந்து 1 மில்லிவினாடி விலகினாலே 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்று வரிசையாக ஓட்டை விழும். தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் இருக்கும். பெடல் மட்டமானது என்று அதன் தலையில் பழியைப் போடுவோம்.

இனி பெடல்

பாட்டை நிறுத்துங்கள். ரீஇன்சர்ட்டின் அனுப்பும் அளவை மைனஸ் 20 டெசிபலுக்கு இறக்குங்கள். இது கட்டாயம். தொழில்முறை லைன் சிக்னல் 1.2 வோல்ட் அளவில் ஓடும், கிட்டார் தருவது சாதாரணமாக அதைவிட மிகக் குறைவு. கிட்டாருக்காகச் செய்த பெடலுக்கு லைன் சிக்னலை அப்படியே கொடுத்தால் கரகரவென்று உடைந்துதான் வரும்.

இப்போது கம்பியைப் பிரித்து நடுவில் பெடலை நுழைக்கலாம். வெளியீடு 3 பெடலின் இன்புட்டுக்கு, பெடலின் அவுட்புட் உள்ளீடு 1-க்கு. பாட்டை ஓடவிட்டு, பெடல் உடையாமல் கேட்கிற வரை அனுப்பும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிறகு உள்ளீட்டின் கெயினைத் திருகி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 பக்கம் நிற்கும்படி வையுங்கள். அனுப்பும் அளவை மிகவும் தாழ்த்திவிட்டுக் கெயினில் ஈடுகட்டினால் பெடலின் ‘உஸ்’ சத்தமும் சேர்ந்து ஏறும்.

ரீஆம்ப் பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். லைன் சிக்னலின் அளவைக் குறைத்து, மின்தடையையும் கிட்டார் போலக் காட்டும். டிலே, ரிவெர்ப், கோரஸ் வகைகளுக்கு அது இல்லாமலே நான் ஓட்டிவிடுகிறேன். ஒலியை அடியோடு உடைத்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலுக்கு மட்டும் வாங்குவது நல்லது, ஏனென்றால் முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும்.

‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வளையம்தான் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாகும் சுற்று) காரணம். நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. இப்படித்தான் ஒருநாள் ராத்திரி, பெடலிலிருந்து திரும்பும் ஒலியைத் தனி டிராக்கில் பிடிக்கலாம் என்று உள்ளீடு 1-ஐத் திறந்து மானிட்டரையும் போட்டுவிட்டேன். அந்த டிராக்கின் வெளியீடும் 3-க்குப் போகிறது என்பதைப் பார்க்கவில்லை. பெடலுக்குப் போன ஒலி திரும்பி வந்து மறுபடி பெடலுக்கே போக, ஹெட்போனில் கிளம்பிய ஊளையில் காது அன்று முழுக்கக் கொய்யென்று இருந்தது. எனவே புதிதாக எதை இணைத்தாலும் முதலில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வையுங்கள்.

உடனே பதிவு செய்துவிடுங்கள்

ப்ளக்இன் என்றால் ஒன்றையே பத்து டிராக்கில் போடலாம். பெடல் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு டிராக்குக்குத்தான். அதனால் ஒலி பிடித்துப்போனதும் பதிவு செய்துவிட்டுப் பெடலை விடுவித்துவிடுவது நல்லது.

புது டிராக் ஒன்றைச் சேர்த்து, பெடல் உள்ள டிராக்கிலிருந்து அதற்கு ஒரு சென்ட் (ஒலியை இன்னொரு டிராக்குக்கும் அனுப்பும் இணைப்பு) போடுங்கள். புது டிராக்கின் ரெக்கார்டு பொத்தானில் வலது கிளிக் செய்து, வெளியீட்டைப் பதிவு செய்யும் (Record: output) பட்டியலில், தாமதத்தை ஈடுகட்டும் ஸ்டீரியோ (stereo, latency compensated) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டை அழுத்திப் பாட்டை முழுக்க ஓடவிடுங்கள். ஓடும்போதே டிலே குமிழைத் திருகினால் அதுவும் பதிவாகும். முடிந்ததும் பழைய டிராக்கை மியூட் செய்யுங்கள், அழிக்க வேண்டாம்.

பதிவு செய்யாமலே முழுப் பாட்டையும் ரெண்டர் செய்ய (ஒரே ஒலிக்கோப்பாக வெளியே எடுக்க) நினைத்தால், ரெண்டர் ஜன்னலில் ஆன்லைன் ரெண்டர் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடம் ஆகும். பெடலால் கணினியின் வேகத்துக்கு ஓட முடியாதே!

குமிழ்கள் இருந்த நிலையைப் போனில் ஒரு படம் எடுத்து, புராஜெக்ட் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் “அந்த ரெண்டாவது சரணத்தை மட்டும் மாற்றிப் பாடட்டுமா?” என்று பாடகர் கேட்கும்போது தேவைப்படும்.