கடல் தின்ற தெருவை எழுதி வைப்பது எப்படி?

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் குப்பத்தின் கதையை எழுதக் கிளம்பினாலும், பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். "அது ஆச்சுப்பா அம்பது வருஷம்" என்று முடித்துவிடுவார்கள். "உங்க சின்ன வயசுல கடல் எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். கை தானாக நீளும். "தோ, அந்தக் கல்லுக்கு அந்தாண்ட வலை காயப்போடுவோம், அதுக்கும் அப்பால ரெண்டு தெரு" என்று பேச்சு வளரும்.

அதனால் பேட்டியை வீட்டுத் திண்ணையில் வேண்டாம், வெயில் தாழ்ந்ததும் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்துக்கே கூட்டிப் போங்கள். போன் மைக்கில் மெல்லிய துணி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். அப்புறம் ஒன்று, கை காட்டுவது ஒலிப்பதிவில் விழாது. அவர் "அங்க" என்னும்போதெல்லாம் "மாதா கோயிலுக்கு நேர் கிழக்கயா தாத்தா?" என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்டுப் பதிய வைக்க வேண்டும்.

வருஷத்தை நீங்களே பிடிக்கலாம். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னாலா பின்னாலா (1987 டிசம்பர்), சுனாமிக்கு முன்னாலா (2004), வர்தா புயலுக்கு முன்னாலா (2016), எண்ணூரில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்களே, அதற்குப் பின்னாலா (2017 ஜனவரி) என்று நெருக்கிக்கொண்டே போனால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும். பிறகு கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அதற்கும் முந்தையது என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடம் கேட்கலாம்.

கரை ஏன் போனது என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பித்ததும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானதும் நம் பக்கம் அரித்ததும் ஒரே காரணத்தால்தான், ஆனால் ஊர் ஒரு பாதியை மட்டும்தான் பேசும்.

ராயபுரம் ஸ்டேஷன் 1856, ஜெர்மன் கப்பல் எம்டன் போட்ட குண்டு 1914, இதையெல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று, ஒரு வரி போதும். அந்த இடத்தை மீன் விற்ற ஆயாக்களுக்குக் கொடுங்கள். ஆண்கள் கடலைச் சொல்வார்கள், ஆயாக்கள் கரையைச் சொல்வார்கள்: கூடையைச் சுமந்து எந்தத் தெரு வழியாக நடந்தார்கள், எந்த வீட்டில் கடன், எந்தக் குடும்பம் கடல் ஏறி வந்ததும் எங்கே குடிபோனது. வியாபார நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள், திட்டு விழும்.

பட்டா, குடிமாற்றம் பற்றிய பேச்சில் பெயர் போடலாமா என்று கட்டாயம் கேளுங்கள், பல இடங்களில் அந்த விவகாரம் இன்னும் முடியவில்லை. ஒரே தெரு எப்போது போனது என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் எழுதுங்கள். அச்செடுத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தால், அடுத்த வாரமே மூன்றாவது ஆள் சண்டைக்கு வருவார், அவரையும் பதிவு பண்ணுங்கள்.